தொடக்ககால மொபைல் தரவு: வலையமைப்பும் கைபேசியும் சந்தித்த சிக்கல்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1991இல் ஃபின்லாந்தில் இரண்டாம் தலைமுறை (2ஜி) கைபேசி முறையான ஜிஎஸ்எம்மில் முதல் அழைப்பு பேசப்பட்டதற்கும், 2009 இறுதியில் நான்காம் தலைமுறை (4ஜி) முறையான எல்டிஇ சேவை தொடங்கியதற்கும் இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் கைபேசி வழியே தரவை அனுப்பவும் பெறவும் நடந்த முயற்சிகளைப் பற்றிய கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் “அப்போது வேகம் குறைவு” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வேகம் குறைவுதான். ஆனால் அன்றைய பயனர்களின் பொறுமையைச் சோதித்தவற்றுள் பெரும்பகுதி, பேச்சுக்காகக் கட்டப்பட்ட வீட்டில் தரவு குடக்கூலிக்கு வந்து அமர்ந்ததால் விளைந்தது. கீழுள்ள விடைகள் பலவும் அந்த ஒரே இடத்துக்குத் திரும்பி வருவதைக் காணலாம்.

ஜிஎஸ்எம் குரலையே எண்களாக மாற்றித்தானே அனுப்பியது? பிறகு தரவை அனுப்புவதில் என்ன சிரமம்?

இரண்டும் பிட்டுகள்தாம் என்றாலும் அவற்றின் குணம் வேறு. உரையாடல் சீராக ஓடுவது. நடுவே சில பிட்டுகள் கெட்டால் காது பொறுத்துக்கொள்ளும், ஆனால் அரை வினாடி பிந்தினால் பேச்சே குழம்பிவிடும். கோப்போ மின்னஞ்சலோ அப்படியன்று: ஒரு பிட் கெட்டாலும் பயன்படாமல் போகலாம், ஆனால் சற்றுக் காத்திருக்கும். அது திடீரெனக் கொட்டும், பிறகு நெடுநேரம் மௌனமாக இருக்கும்.

ஜிஎஸ்எம் முதல் வகைக்கென்று வடிவமைக்கப்பட்டது. 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசை, 4.615 மில்லிவினாடிக்கு ஒரு முறை சுழலும் எட்டு நேரத்துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஓர் அழைப்புக்கு ஒரு துண்டு என்று ஒதுக்கப்பட்டது. அந்தத் துண்டில் வினாடிக்கு 22.8 கிலோபிட் இடம் உண்டு. அதில் 13 கிலோபிட் குரலுக்கு, மீதி பிழைகாப்புக்கு. அதே துண்டில் தரவை அனுப்பும்போது ஒரு பிட்டும் கெடக் கூடாது என்பதால் பிழைகாப்பைக் கூட்ட வேண்டியிருந்தது. பயனருக்கு மிஞ்சியது 9.6 கிலோபிட். பின்னர் பிழைகாப்பைத் தளர்த்தி 14.4 கிலோபிட் வரை கொண்டுவந்தார்கள். பல துண்டுகளைச் சேர்த்துக் கட்டும் எச்எஸ்சிஎஸ்டி முறையில் 57.6 கிலோபிட் வரையும் எட்டினார்கள்.

ஆனால் உண்மையான இழப்பு வேறிடத்தில் இருந்தது. அது அழைப்பு முறை. இணைப்பு இருக்கும் வரை துண்டு முழுவதும் அந்த ஒருவருக்கே உரியது. அவர் வந்த பக்கத்தை மூன்று நிமிடம் படித்துக்கொண்டிருந்தால், அந்த மூன்று நிமிடமும் அலைவரிசையின் எட்டில் ஒரு பங்கு ஒன்றையும் சுமக்காமல் அவருக்காகக் காத்திருக்கும், கட்டணமும் ஏறிக்கொண்டிருக்கும். மறுமுனையில் இருப்பது சாதாரணத் தொலைபேசி மோடம் என்றால், இரண்டும் பேசி உடன்பட்டு முதல் எழுத்து வருவதற்கே அரை நிமிடம் வரை கழியும்.

அதற்கு முன் தரவுக்கென்றே வலையமைப்புகள் இருந்ததில்லையா?

இருந்தன. ஸ்வீடனின் தொலைத்தொடர்புத் துறையும் எரிக்சனும் சேர்ந்து உருவாக்கிய மொபிடெக்ஸ் 1986இல் இயங்கத் தொடங்கியது. அதன் பிற்கால வடிவத்தின் வேகம் 8 கிலோபிட். அமெரிக்காவில் மோட்டரோலாவும் ஐபிஎம்மும் 1990இல் ஆர்டிஸ் வலையமைப்பை நடத்தின. அதன் வேர், ஐபிஎம்மின் களப்பணியாளர்களுக்காக மோட்டரோலா கட்டிய வலையமைப்பில் இருந்தது. இவை தரவைச் சிறு பொதிகளாக்கி அனுப்பியதால், அனுப்ப ஏதும் இல்லாதபோது அலைவரிசையைப் பிடித்துவைக்கவில்லை. பழுதுநீக்குவோர், டாக்ஸிகள், ஆம்புலன்ஸ்கள் போன்றவற்றுக்கான குறுஞ்செய்திகளுக்கு அவை போதுமானவை. பிளாக்பெரியின் முன்னோடிகளான ரிம் நிறுவனத்தின் சிறு கருவிகளும் மொபிடெக்ஸ் மேல்தான் இயங்கின.

இவற்றுள் கூர்ந்து நோக்கத்தக்கது சிடிபிடி. அமெரிக்காவின் பழைய அனலாக் கைபேசி வலையமைப்பில், யாரும் பேசாத அலைவரிசைகளைத் தேடி, அவற்றில் 19.2 கிலோபிட் வேகத்தில் பொதிகளை அனுப்பும் ஏற்பாடு அது. யாராவது பேச வந்துவிட்டால் தரவு உடனே வேறு காலி இடத்துக்குத் தாவியாக வேண்டும். குரலுக்கும் தரவுக்கும் இடையிலிருந்த உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வடிவமைப்பு வேறில்லை என்று சொல்லலாம்.

எஸ்எம்எஸ் ஏன் 160 எழுத்துகள்? தமிழில் அனுப்பினால் ஏன் 70 ஆகச் சுருங்குகிறது?

எஸ்எம்எஸ் குரல் செல்லும் வழியில் செல்வதில்லை. அழைப்பு வருகிறது, மணி அடி என்று கோபுரமும் கைபேசியும் தமக்குள் பேசிக்கொள்ளும் கட்டுப்பாட்டு வழியில், இடைவெளி கிடைக்கும்போது அது செல்கிறது. அந்த வழியில் ஒரு செய்திக்குக் கிடைத்த இடம் 140 பைட், அதாவது 1120 பிட். ஓர் எழுத்துக்கு 7 பிட் என்ற அட்டவணையில் அது 160 எழுத்தாகிறது. 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் நீல் பாப்வர்த் அனுப்பிய முதல் குறுஞ்செய்தியும் இந்த வழியில் சென்றதுதான்.

அந்த 7 பிட் அட்டவணையில் தமிழுக்கு இடமில்லை. எனவே ஒவ்வொரு குறியீட்டுக்கும் 16 பிட் எடுக்கும் முறைக்கு மாற வேண்டியதாயிற்று. 1120ஐ 16ஆல் வகுத்தால் 70. இழப்பு அதோடு நிற்கவில்லை. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். ஆக, 70 இடங்களில் நாம் எழுதக்கூடிய எழுத்துகள் அதனினும் குறைவு. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளுக்கான 7 பிட் அட்டவணைகள் பின்னாளில் தரநிலையில் சேர்க்கப்பட்டன. அதற்கு முன்பே கோடிக்கணக்கான கைபேசிகள் விற்றுத் தீர்ந்திருந்தன. அவற்றுள் பலவற்றில் தமிழ் எழுத்துருவே இல்லாததால், வந்த செய்தி வரிசையாகச் சதுரக் கட்டங்களாகத்தான் தெரிந்தது.

ஜிபிஆர்எஸ் 171 கிலோபிட் தரும் என்றார்கள். ஏன் கிடைக்கவில்லை?

2000ஆம் ஆண்டில் வணிகச் சேவையாகத் தொடங்கிய ஜிபிஆர்எஸ், ஜிஎஸ்எம்மின் அதே நேரத்துண்டுகளில் தரவைப் பொதிகளாக அனுப்பியது. ஒரே துண்டைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்தலாம். படித்துக்கொண்டிருப்பவர் எதையும் பிடித்துவைப்பதில்லை. பிழைகாப்பின் அளவைப் பொறுத்து நான்கு குறியாக்க முறைகள் வகுக்கப்பட்டன. ஒரு துண்டில் அவற்றின் வேகம் முறையே 9.05, 13.4, 15.6, 21.4 கிலோபிட். கடைசி முறையை எட்டுத் துண்டுகளால் பெருக்கினால் 171.2 வருகிறது. விளம்பரத்தில் இடம்பெற்ற எண் இதுதான்.

அந்தப் பெருக்கலின் இரு பக்கமும் நடைமுறையில் நிற்கவில்லை. 21.4 கிலோபிட் முறையில் பிழைகாப்பு அநேகமாக இல்லை. கோபுரத்துக்கு அருகில், இரைச்சல் இல்லாத இடத்தில் மட்டுமே அது உதவும். அங்கேயும் கம்பிவழியில் ஒரு தடை காத்திருந்தது: கோபுரத்துக்கும் அதன் கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் இடையிலான இணைப்பில் ஒரு நேரத்துண்டுக்கு 16 கிலோபிட் என்றே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. குரலுக்கு அது போதும். ஆனால் மேல்நிலைக் குறியாக்க முறைகள் அதனுள் அடங்காததால், பல நிறுவனங்கள் முதல் இரண்டு முறைகளோடு நின்றுவிட்டன.

எட்டுத் துண்டுகளும் கிடைக்கவில்லை. ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் இரட்டை ரேடியோ வேண்டியிருக்கும் என்பதால், கைபேசிகள் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தன. வழக்கமான கருவியால் கைபேசிக்குத் தரவு வரும் இறங்குவழியில் நான்கு துண்டுகளே பெற முடிந்தது. நான்கை 13.4ஆல் பெருக்கினால் 53.6. அந்த நான்கையும் அருகிலிருக்கும் மற்றவர்களோடு பகிர வேண்டும். யாராவது பேச வந்தால் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். எனவே 30 முதல் 40 கிலோபிட் கிடைத்தாலே அது நல்ல நாள்.

40 கிலோபிட் என்றால் வீட்டு மோடத்துக்குச் சற்றே குறைவுதான். ஆனாலும் பக்கம் திறக்க ஏன் அவ்வளவு நேரம் ஆனது?

இந்தப் பக்கத்தின் மையமான கேள்வி இதுதான். விடை, வேகத்தில் இல்லை; தாமதத்தில் இருக்கிறது. ஒரு சிறு பொதி கைபேசியிலிருந்து சர்வருக்குச் சென்று திரும்ப ஜிபிஆர்எஸ்ஸில் 600 மில்லிவினாடி முதல் ஒரு வினாடிக்கு மேலும் ஆயிற்று. கைபேசி எதையாவது அனுப்ப வேண்டுமென்றால் முதலில் அனுமதி கேட்க வேண்டும். வலையமைப்பு அதற்கென ஒரு தற்காலிக வழியை ஒதுக்கும். அனுப்பி முடித்ததும் அந்த வழி கலைக்கப்படும். அரை வினாடி கழித்து அடுத்த பொதி வந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இணையப் பக்கம் திறப்பதோ இத்தகைய சின்னச் சின்னக் கேள்வி பதில்களின் தொடர். பெயருக்குரிய முகவரியைக் கேட்க ஒரு பயணம், இணைப்பை ஏற்படுத்த ஒரு பயணம், பக்கத்தைக் கேட்க ஒரு பயணம். பக்கத்தில் பத்துச் சிறு படங்கள் இருந்து, பழைய முறைப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு புதிய இணைப்பை வரிசையாகத் திறந்தால், படத்துக்கு இரண்டு பயணம், பயணத்துக்கு 0.7 வினாடி என்று கொண்டாலே 14 வினாடி. ஒரு படத்தின் உள்ளடக்கத்தை அனுப்ப ஆகும் நேரம் இதில் இன்னும் சேரவில்லை. வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் இந்த 14 குறைந்திருக்காது.

இதன்மேல் டிசிபியின் குணமும் சேர்ந்துகொண்டது. இணையத்தின் போக்குவரத்தைச் சீராக்கும் இந்த நெறிமுறை, இணைப்பின் கொள்ளளவு தெரியாததால் ஓரிரு பொதிகளை மட்டும் அனுப்பிப் பார்த்து, அவை சேர்ந்தன என்ற ஒப்புகை வந்தபின் அளவை இரட்டிப்பாக்கிச் செல்லும். ஒவ்வோர் ஒப்புகைக்கும் ஒரு வினாடி காத்திருக்க வேண்டிய இடத்தில், முழு வேகத்தை எட்டுவதற்குள் சிறிய பக்கம் முடிந்தேவிடும். மேலும், வான் ஜேக்கப்சன் 1988இல் வகுத்த வழிமுறைப்படி, பொதி தொலைந்தால் வழியில் நெரிசல் என்று டிசிபி முடிவுசெய்து வேகத்தைக் குறைக்கும். கம்பி இணைப்பில் அது சரியான ஊகம். வானலையில் ஒரு சுவர் குறுக்கிட்டதாலோ வாகனம் கடந்து போனதாலோகூடப் பொதி கெடும். அப்போது வேகத்தைக் குறைப்பது நோய்க்குப் பொருந்தாத மருந்து.

இதை அறிந்த வடிவமைப்பாளர்கள், கெட்டுப்போன தரவுத் துணுக்குகளை வானலை அடுக்கிலேயே மறுபடி அனுப்பி, அவை தொலைந்தது மேலே டிசிபிக்குத் தெரியாமல் மறைத்தார்கள். அதனால் வேறொரு தொல்லை முளைத்தது. தொலைந்த பொதி இப்போது தொலைவதில்லை. சில வினாடிகள் பிந்தி வருகிறது. அதற்குள் டிசிபி பொறுமையிழந்து அதே பொதியை மறுபடி அனுப்பியிருக்கும். ஏற்கெனவே ஒடுங்கிய வழியில் ஒரே சரக்கு இருமுறை போகும். இவற்றை எப்படிச் சமாளிப்பது என்ற பரிந்துரைகள் இணையத் தரநிலை அமைப்பின் ஆவணமாக 2003இல்தான் வெளிவந்தன.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு பயனருக்கும் வலையமைப்பு, பொதிகள் வரிசையில் காத்திருக்கும் ஒரு பெரிய பஃபரை வைத்திருந்தது. பாதியில் ‘நிறுத்து’ பொத்தானை அழுத்திவிட்டு வேறு பக்கத்தைத் திறந்தால், பழைய பக்கத்தின் மிச்சம் முழுவதும் அந்த வரிசையில் முன்னால் நிற்கும். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும், அது வானலை வழியே வந்திறங்கி முடிந்தபிறகே புதிய பக்கத்தின் முதல் எழுத்து வந்துசேரும்.

நகரும் வண்டியில் தரவு அடிக்கடி நின்றுபோனது ஏன்? பேச்சு தொடர்ந்ததே.

பேசிக்கொண்டிருக்கும்போது அடுத்த கோபுரத்துக்கு எப்போது மாறுவது என்பதை வலையமைப்பு முடிவுசெய்து, அங்கே இடம் ஒதுக்கிவைத்த பிறகே கைபேசியை அனுப்பும். தொடக்ககால ஜிபிஆர்எஸ்ஸில் அந்தக் கைப்பிடிப்பு இல்லை. கைபேசி தானாகவே பழைய கோபுரத்தை விட்டுப் புதியதைத் தேடிப் பிடித்து, அதன் விவரங்களைக் கேட்டுப் படித்து, மறுபடி அனுமதி வாங்க வேண்டும். இதற்குச் சில வினாடிகள் ஆகும். பழைய கோபுரத்தின் வரிசையில் நின்ற பொதிகள் தொலைந்தும் போகலாம். பக்கத்துக் கோபுரத்தின் விவரங்களை முன்கூட்டியே தந்து உதவும் வசதி பிந்தைய தரநிலையில்தான் வந்தது.

அழைப்பு வந்தால் பதிவிறக்கம் நின்றது ஏன்?

அக்காலக் கைபேசிகளில் மிகப் பெரும்பாலானவை ‘பி’ வகையைச் சேர்ந்தவை. அவை குரலுக்கும் தரவுக்கும் ஒருசேரக் காது கொடுக்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்யும். அழைப்பை எடுத்தால் தரவு இடைநிறுத்தப்பட்டு, பேசி முடித்தபின் தொடரும். இரண்டையும் ஒன்றாகச் செய்யும் ‘ஏ’ வகை தரநிலையில் இருந்தாலும், அதற்கான ரேடியோவைக் கட்டுவது கடினமாகவும் செலவு மிக்கதாகவும் இருந்தது.

வாப் ஏன் தோற்றது? அதே காலத்தில் ஐ-மோட் ஏன் வென்றது?

1997இல் எரிக்சன், நோக்கியா, மோட்டரோலா, அன்வயர்ட் பிளானெட் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து, கைபேசியில் இணையப் பக்கங்களைத் தரும் முறையான வாப்பை வகுக்க வாப் மன்றத்தைத் தொடங்கின. அவர்களின் கணிப்பு தவறானதன்று. சிறிய திரை, ஒடுங்கிய வழி, தாமதம் மிக்க இணைப்பு ஆகியவற்றுக்கு இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லும் டிசிபியும் ஒத்துவரா என்று கண்டு, அவற்றுக்குப் பதிலாகத் தமக்கென ஒரு முழு நெறிமுறை அடுக்கையே அவர்கள் உருவாக்கினார்கள். பக்கங்கள் டபிள்யூஎம்எல் என்ற மொழியில், ‘அட்டை’களாகவும் அட்டைகள் சேர்ந்த ‘கட்டு’களாகவும் எழுதப்பட்டன. ஒரே பயணத்தில் பல அட்டைகளைக் கொண்டுவந்துவிட்டால், அவற்றுக்குள் புரட்டும்போது வலையமைப்பைத் தொட வேண்டியதில்லை. தாமதத்துக்கு அது புத்திசாலித்தனமான விடை என்றே இன்றும் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு கேட்வே நின்று, பக்கத்தை இரும வடிவில் சுருக்கிக் கைபேசிக்கு அனுப்பியது.

சறுக்கல் அதைச் சுற்றியிருந்தவற்றில் நேர்ந்தது. 1999இல் வந்த முதல் வாப் கைபேசியான நோக்கியா 7110இன் திரை 96க்கு 65 புள்ளிகள், அதுவும் ஒற்றை நிறம்; ஒரு கட்டு ஏறத்தாழ 1400 பைட்டுக்கு மேல் போனால் அது ஏற்காது. ஜிபிஆர்எஸ் இன்னும் வராததால், முதலில் சொன்ன அழைப்பு முறையில், 9.6 கிலோபிட்டில், நிமிடக் கட்டணத்தில்தான் வாப் இயங்கியது. பொத்தானை அழுத்தி அரை நிமிடம் காத்திருந்தவருக்குக் கிடைத்தது நான்கு வரி. டபிள்யூஎம்எல்லில் ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் பக்கம் முழுவதும் மறுக்கப்பட்டது. ஒரு கைபேசியில் சரியாகத் தெரிந்தது இன்னொன்றில் சிதைந்தது. இத்தனைக்கும் விளம்பரங்கள் “கையில் இணையம்” என்றே வாக்களித்திருந்தன.

ஜப்பானின் என்டிடி டோகோமோ 1999 பிப்ரவரி 22 அன்று தொடங்கிய கைபேசி இணையச் சேவையான ஐ-மோடின் வேகமும் அதே 9.6 கிலோபிட்தான். மாறியவை மூன்று. ஒன்று, அது தொடக்கத்திலிருந்தே பொதி முறையில் இயங்கியது. 128 பைட் கொண்ட ஒரு பொதிக்கு இவ்வளவு என்று கட்டணம், படிக்கும் நேரத்துக்குக் காசு இல்லை. அடுத்து, பக்கங்கள் எச்டிஎம்எல்லின் சுருங்கிய வடிவத்தில் எழுதப்பட்டதால், இணையப் பக்கம் எழுதத் தெரிந்த எவரும் அன்று மாலையே ஒன்றை எழுதிவிடலாம். மூன்றாவதையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன்: கைபேசி எப்படி இருக்க வேண்டும், வலையமைப்பு எப்படி நடக்க வேண்டும், பக்கம் எழுதுபவருக்குப் பணம் எப்படிப் போய்ச்சேர வேண்டும் என்ற மூன்றையும் ஒரே நிறுவனம் தீர்மானித்தது. 2000 ஆகஸ்டுக்குள் ஒரு கோடிச் சந்தாதாரர்கள் சேர்ந்தார்கள். வாப் பல நிறுவனங்களின் கூட்டு முயற்சி. எந்தக் கோளாறுக்கும் முழுப் பொறுப்பேற்க அங்கே ஆள் இல்லை.

இன்று உலகெங்கும் புழங்கும் எமோஜியின் பெயர்பெற்ற ஆரம்பத் தொகுப்புகளில் ஒன்றும் ஐ-மோடுக்காக ஷிகெடாகா குரிடா வரைந்த 176 சின்னங்கள்தாம். 12க்கு 12 புள்ளிகளில் அடங்கிய அந்தச் சின்னங்கள் கைபேசிக்குள்ளேயே இருந்ததால், ஒரு படத்தை அனுப்பும் சுமை ஓர் எழுத்தை அனுப்பும் சுமைக்குச் சமமாயிற்று.

வாப் வழியே வங்கிக் கணக்கைப் பயன்படுத்துவது பாதுகாப்பற்றது என்று சொல்லப்பட்டது உண்மையா?

ஓரளவு உண்மை. கைபேசிக்கும் கேட்வேக்கும் இடையே ஒரு மறையாக்கம், கேட்வேக்கும் வங்கியின் சர்வருக்கும் இடையே வேறொரு மறையாக்கம். ஒன்றை அவிழ்த்து மற்றொன்றாக மாற்றும் அந்தக் கணத்தில், கேட்வேயின் நினைவகத்தில் கடவுச்சொல் வெறும் எழுத்தாக இருக்கும். கேட்வே தொலைபேசி நிறுவனத்தின் கையில் இருந்ததால், வங்கி தன் வாடிக்கையாளரின் இரகசியத்தை மூன்றாமவரிடம் நம்பி ஒப்படைக்க வேண்டியிருந்தது. சில வங்கிகள் கேட்வேயைத் தம் கட்டடத்துக்குள்ளேயே நிறுவிக்கொண்டன. இரு முனைகளுக்கும் இடையே தடையற்ற மறையாக்கம் 2002இன் வாப் 2.0 தரநிலையோடு வந்தது.

ஏபிஎன் என்ற அமைப்பைப் பயனரே ஏன் நிரப்ப வேண்டியிருந்தது?

தரவுப் பொதிகள் தொலைபேசி வலையமைப்பிலிருந்து எந்த வாயில் வழியே இணையத்துக்கு வெளியேற வேண்டும் என்பதைக் குறிக்கும் பெயர் அது. வாப்புக்கு ஒன்று, முழு இணையத்துக்கு ஒன்று, படச் செய்தியான எம்எம்எஸ்ஸுக்கு ஒன்று என வாயில்கள் தனித்தனி; கட்டணமும் தனித்தனி. எது எந்தச் சேவைக்கு என்பது கைபேசிக்குத் தானாகத் தெரியாது. அமைப்புகளை எஸ்எம்எஸ்ஸாக அனுப்பும் வசதி வந்தபிறகும், அனுப்பும் வடிவம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபட்டதால், ஓர் எழுத்துப் பிழையால் எம்எம்எஸ் போகாமல் நின்ற கைபேசிகள் ஏராளம்.

மின்னஞ்சல் தானாக வந்துசேராமல், ஒவ்வொரு முறையும் நாமே போய்ப் பார்க்க வேண்டியிருந்தது ஏன்?

இணைய முகவரிகள் பற்றாக்குறையாக இருந்ததால், வலையமைப்புகள் கைபேசிகளுக்கு உள்முகவரிகளை மட்டும் தந்து, வெளியே ஒரே முகவரியைப் பலருக்குப் பொதுவாகக் காட்டின. கைபேசி உள்ளிருந்து வெளியே பேசலாம். வெளியிலிருந்து யாரும் அதை அழைக்க முடியாது. இணைப்பைத் திறந்தே வைக்க அவ்வப்போது ஒரு வெற்றுப் பொதி அனுப்பலாம் என்றால், ஒவ்வொரு முறையும் ரேடியோ விழித்துப் பேட்டரியைத் தின்றது. எம்எம்எஸ் இதைச் சுற்றிப்போன வழி விநோதமானது: படம் வந்திருக்கிறது என்பதை ஓர் எஸ்எம்எஸ் வந்து சொல்லும்; அதன்பின் கைபேசி ஜிபிஆர்எஸ் வழியே போய்ப் படத்தை எடுத்துவரும்.

கைபேசியின் பேட்டரிக்கு இதில் என்ன பங்கு?

பெரும் பங்கு. 900 மெகாஹெர்ட்ஸ் ஜிஎஸ்எம் கைபேசி உச்ச நிலையில் 2 வாட் சக்தியில் ஒலிபரப்பும்; ஆனால் எட்டில் ஒரு துண்டில் மட்டுமே பேசுவதால் சராசரி கால் வாட்தான். அந்தத் துடிப்பின்போது பேட்டரியிலிருந்து ஒன்றரை ஆம்பியரையும் தாண்டிய மின்னோட்டம் பாயும். பழைய பேட்டரி அதைத் தாங்காமல் மின்னழுத்தம் சரிந்து, அளவுக்கோடு பாதி காட்டிக்கொண்டிருக்கும்போதே கைபேசி அணைந்துபோனது பலருக்கு நினைவிருக்கலாம். தரவுக்காக இரண்டு துண்டுகளில் அனுப்பினால் சராசரிச் சக்தியும் வெப்பமும் இரு மடங்கு. இதனால்தான் கைபேசி தரவை அனுப்பும் ஏறுவழி ஒன்றிரண்டு துண்டுகளோடு நிறுத்தப்பட்டது.

ஜிபிஆர்எஸ்ஸின் வேகத்தை உயர்த்த 2003இல் வந்த எட்ஜ் வேறொரு விலையைக் கேட்டது. ஜிஎஸ்எம்மின் அலை, வீச்சில் மாறாதது; அதற்கான பெருக்கியைச் சிக்கனமாக இயக்கலாம். எட்ஜ் ஒரு குறியீட்டில் மூன்று பிட்டுகளைத் திணித்தபோது அலையின் வீச்சும் மாறத் தொடங்கியது. உருச்சிதையாமல் பெருக்க வேண்டும் என்பதால், 900 மெகாஹெர்ட்ஸில் எட்ஜ் கைபேசிகள் பல 2 வாட்டுக்குப் பதிலாக அரை வாட்டிலேயே ஒலிபரப்பின. விளைவாக, கோபுரத்திலிருந்து தள்ளிப்போகப் போக எட்ஜின் அனுகூலம் கரைந்தது.

அழைப்பு வரும்முன் ரேடியோவில் ‘டர்ர்ர்’ என்று கேட்ட சத்தம் இதனால்தானா?

ஆம். 4.615 மில்லிவினாடிக்கு ஒரு துடிப்பு என்றால் வினாடிக்கு 217 துடிப்பு. அது காதுக்குக் கேட்கும் அதிர்வெண். அருகிலுள்ள ஒலிபெருக்கியின் கம்பி ஆன்டெனாவாகி அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டது.

கைபேசியின் நினைவகமும் செயலியும் போதுமானவையாக இருந்தனவா?

1996இல் வந்த நோக்கியா 9000 கம்யூனிகேட்டர் 397 கிராம் எடை, 24 மெகாஹெர்ட்ஸ் 386 வகைச் செயலி, 8 மெகாபைட் நினைவகம் கொண்டது. அது மிக விலையுயர்ந்த கருவி. சாதாரணக் கைபேசிகளின் நிலை வேறு: ஆரம்பகால நோக்கியா சீரிஸ் 40 கைபேசிகளில் ஜாவாவில் எழுதிய ஒரு மென்பொருள் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியாக வேண்டும். முழு இணையப் பக்கத்தைப் பிரித்துப் படித்து வரைவது அவற்றால் இயலாத காரியம்.

இதற்கு வந்த மிகச் சிறந்த விடை, வேலையையே கைபேசியிலிருந்து எடுத்துவிட்டது. 2005இல் அறிமுகமாகி அடுத்த ஆண்டு உலகெங்கும் கிடைத்த ஓப்பரா மினி, பக்கத்தைத் தன் சர்வரில் திறந்து, வரைந்து, படங்களைச் சுருக்கி, ஒரே தொகுப்பாகக் கைபேசிக்கு அனுப்பியது. மேலே சொன்ன 14 வினாடிப் பயணங்கள் எல்லாம் சர்வர் அறைக்குள், கம்பியில், கண்ணிமைப்பதற்குள் முடிந்தன. வானலையில் நடந்தது ஒரே பயணம். கூர்ந்து பார்த்தால் இது வாப் கேட்வேயின் அதே சிந்தனைதான். ஆனால் பக்கம் எழுதுபவர் எதையும் மாற்றத் தேவையில்லை என்ற ஒரு வேறுபாடு அதைக் காப்பாற்றியது.

3ஜி வந்தபின் இவையெல்லாம் தீர்ந்தனவா?

சில தீர்ந்தன, சில உருமாறின. 2001 அக்டோபர் 1 அன்று டோகோமோ தொடங்கிய 3ஜி சேவையான ஃபோமா, 384 கிலோபிட் வரை தந்தது. ஆனால் தொடக்கக் கைபேசிகளின் பேட்டரி, பேசாமல் வைத்திருந்தாலே இரண்டு நாள்களுக்குச் சற்று மேல்தான் தாங்கியது. 3ஜி எட்டாத இடத்தில் பழைய வலையமைப்புக்கு மாறிக்கொள்ளவும் அவற்றால் முடியவில்லை.

3ஜியின் வானலை முறையில் எல்லோரும் ஒரே 5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஒவ்வொருவரின் குறிப்பலையும் மற்றவர்களுக்கு இரைச்சல். கோபுரத்தடியில் நிற்பவரின் குரல் தொலைவில் நிற்பவரை மூழ்கடிக்காமலிருக்க, ஒவ்வொரு கைபேசியின் சக்தியையும் வினாடிக்கு 1500 முறை ஏற்றியிறக்க வேண்டும். கூட்டம் சேர்ந்தால் இரைச்சல் கூடி, கோபுரத்தின் எல்லையே சுருங்கும். காலையில் நன்றாக இயங்கிய அதே இடத்தில் மாலையில் சிக்னல் இல்லாமல் போனதற்கு இது ஒரு காரணம்.

தாமதம் வேறு உருவில் திரும்பி வந்தது. உறங்கும் கைபேசி முழு வேக இணைப்பைப் பெற ஏறத்தாழ இரண்டு வினாடி ஆயிற்று. பெற்றபின், அடுத்த பொதி வரலாம் என்று பல வினாடிகள் விழித்தேயிருக்கும். ஒரு சிறு செய்திக்காகப் பத்து வினாடி மின்சாரம் வீணானது. கைபேசித் தயாரிப்பாளர்கள் இணைப்பைத் தாமாகவே துண்டித்துப் பேட்டரியைக் காத்தபோது, மறுபடி மறுபடி இணைக்கும் வேலை வலையமைப்பின் கட்டுப்பாட்டு வழியில் குவிந்தது. 2007இன் முதல் ஐபோன் 3ஜி இல்லாமல் எட்ஜோடு வந்ததற்கு, 3ஜி சிப்புகளின் மின்பசியை ஸ்டீவ் ஜாப்ஸ் காரணமாகச் சொன்னார்.

அப்படியானால் உண்மையான திருப்பம் எப்போது?

எச்எஸ்டிபிஏ வந்தபோது என்பேன். 2005 இறுதியிலிருந்து பரவிய அந்த 3ஜி மேம்பாட்டின் 14.4 மெகாபிட் என்ற உச்ச எண்தான் விளம்பரமானது. ஆனால் முக்கியமான மாற்றம், யாருக்கு எப்போது அனுப்புவது என்ற முடிவையும் கெட்ட பொதியை மறுபடி அனுப்பும் பொறுப்பையும் தொலைவிலிருந்த கட்டுப்பாட்டு நிலையத்திடமிருந்து எடுத்துக் கோபுரத்திடமே கொடுத்தது. முடிவு 2 மில்லிவினாடிக்கு ஒரு முறை எடுக்கப்பட்டது. தாமதம் முதன்முறையாகக் கண்கூடாகக் குறைந்தது.

2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் தொடங்கிய எல்டிஇ, முழுவதும் பொதிகளுக்காகவே கட்டப்பட்டது. அதில் குரலுக்கென்று ஒதுக்கிய வழி இல்லை. முதலில் அது கணினியில் செருகும் மோடங்களாக மட்டுமே விற்பனைக்கு வந்தது. பின்னர் வந்த எல்டிஇ கைபேசிகள் பலவும், அழைப்பு வந்தால் அதைப் பேசுவதற்காக 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப்போய்விட்டு, முடிந்ததும் திரும்பி வந்தன. குரலையும் பொதிகளாக்கி அனுப்பும் வோல்ட்இ சேவை 2012 ஆகஸ்டில்தான் தொடங்கியது.